லோரி எடை கழித்து

லீக் அலுவலகக் கடிதம் வியாழன் மத்தியானம் வந்தது.
எடைமேடைக் கூண்டுக்கு வெளியே மூன்று லோரி,
செம்பனைக் குலைகள் வெயிலில் புளித்துக்கொண்டிருந்தன.
ஒரு கையில் ரசீது கிழித்தேன்,
மறு கையில் உறையை.

ஒப்பந்தம் முடிந்து விலகியோர் நால்வர்.
வந்து சேர்ந்தோர் ஒருவர்.
ஈடாக, சுங்கை மெராந்தி சங்கத்துக்கு
மூன்றாம் சுற்றின் வாலில் ஒரு கூடுதல் தேர்வு.
வரிசை எண் முப்பத்தொன்பது.

"நாலு பேர் போய் ஒரே ஒரு எண்ணா?"
செயலவையில் மணிசேகரன் மேசையைத் தட்டினார்,
கோப்பிக் குவளை துள்ளியது.
விதிப்புத்தகத்தை முழுசாய்ப் படித்தவள் நான் ஒருத்திதான்.
போனவனுக்குப் போன இடத்தில் என்ன சம்பளம்,
எத்தனை நிமிடம் ஆடினான்,
அதுதான் கணக்கு என்றேன்.
சிகாமட்டுக்குப் போன கோல்கீப்பர்
வருஷம் முழுக்க பெஞ்சில். அவன் கணக்கில் இல்லை.
ஃபைசால் ஆட்டத்தையே விட்டுவிட்டு
பாசீர் கூடாங்கில் வெல்டிங் செய்கிறான். இல்லை.
ஜோசப் உண்டு. ஆனால் நாம் எடுத்த தைப்பிங் பையன்
அவனை நேர் செய்துவிட்டான்.
மிச்சம் ஹரேந்திரன்.

ஹரேந்திரன்.
நனைந்த திடலில், மூலைக்கொடி அருகே,
இரண்டு பேர் சட்டையைப் பிடித்து இழுக்க
பந்தை மட்டும் உள்ளே அனுப்பிவிட்டுத்
தான் வேலியில் போய் விழுவானே,
அந்த இடது கால்.
அதன் பெயர் இனிமேல் முப்பத்தொன்பது.

லோரி நிறைந்து உள்ளே வரும்,
காலியாய் வெளியே போகும்.
கழித்தால் சரக்கு.
பதினாறு வருஷமாய் எனக்குத் தெரிந்த கணிதம் இது ஒன்றுதான்.
இவன்கள் தலைகீழ்.
காலியாய் வந்தார்கள், நிறைந்து போனார்கள்.
எதிலிருந்து எதைக் கழிப்பது?

கடிதத்தில் இல்லாத ஒருவன் இருக்கிறான்.
போன ஏப்ரலில் இளமாறன் போன் செய்தான்.
பகாங் ஒப்பந்தம் முடிஞ்சிருச்சு அக்கா,
வீட்டுக்காரிக்கு இங்கதான் கிளினிக்கில் வேலை,
சம்பளம் நீங்க சொல்றதே போதும்.
எங்களுக்கோ தடுப்பில் ஆளே இல்லை.
மே முதல் தேதிக்குள் கையெழுத்திட்டால்
அவன் ஹரேந்திரனை நேர் செய்துவிடுவான்,
எண் போய்விடும்.
பிறகு இட்டால் லீக் கண்டுகொள்ளாது.
பதினோரு நாள் பொறுத்துக்க தம்பி
என்று சொன்ன வாய் என்னுடையது.
செயலவை கைதட்டியது.

ஒன்பது நாள் பொறுத்தான்.
பத்தாம் நாள் கூலிம்காரர்கள் காரோடு வந்தார்கள்.
அந்த வருஷம் நாங்கள் வாங்கிய கோல் நாற்பத்தேழு.
கிளினிக்கில் மருந்துச் சீட்டை நீட்டும்போது
அவன் மனைவி இன்னமும் என் முழுப்பெயரைக் கூப்பிடுகிறாள்,
அக்கா இல்லாமல்.

முப்பத்தொன்பது நேற்று வந்து சேர்ந்தான்.
கெனிங்காவ் பையன், ரைனல், பத்தொன்பது வயது.
விமானம், ரயில், பஸ்,
கடைசிப் பஸ்ஸைத் தவறவிட்டதால்
பூபாலனின் குலை லோரி.
பிளாஸ்டிக் பைக்குள் பூட்ஸ்.
வலது கால்காரன் என்று தேர்வுப் பட்டியலிலேயே இருந்தது.

லோரி மேடையில் ஏறி நின்றபோது
உள்ளே அவன் இருப்பதை நான் பார்க்கவில்லை.
ரசீது அடித்தாகிவிட்டது.
குலையோட சேத்துப் போடுங்க அக்கா,
டன்னுக்குத்தானே காசு, என்றான் பூபாலன்.
ரசீதைக் கிழித்தேன்.
பையனை இறக்கி ஓரமாய் நிற்கச் சொல்லி
லோரியை மறுபடி ஏற்றச் சொன்னேன்.
எண் எழுபது குறைந்தது.
மேடை பத்துப் பத்தாகத்தான் காட்டும்,
அறுபத்தாறாய் இருக்கலாம், எழுபத்துநாலாயும் இருக்கலாம்.

கண்ணாடியில் நெற்றியை ஒட்டிவைத்து
அவன் அந்தச் சிவப்பு எண்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு மலாயில் மெதுவாய்க் கேட்டான்,
திடல் எந்தப் பக்கம்?